காலண்டரில் பார்த்த ரவிவர்மாவை அசலில் பார்க்கப் போகிறவருக்கு

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். திருநெல்வேலியில் உங்கள் வீட்டுப் பூஜையறையில் பாட்டி காலத்து லட்சுமி படம் ஒன்று இருக்கிறது. தாமரையில் நிற்கும் லட்சுமி, அருகே மாலையேந்திய யானை, புடவை முழுக்கப் பாட்டி தைத்த சமிக்கி. அம்மாவுக்கு எழுபது வயது. அவரை அடுத்த மாதம் திருவனந்தபுரத்துக்கு அழைத்துப் போய் ரவிவர்மாவின் அசல் ஓவியங்களைக் காட்ட விரும்புகிறீர்கள். ஆனால் எல்லாப் படங்களும் இணையத்திலேயே கிடைக்கும்போது அவ்வளவு தூரம் போகத்தான் வேண்டுமா, ஓவியம் பற்றி எதுவும் தெரியாதவர்கள் அங்கே எதைப் பார்ப்பது, வீட்டில் இருப்பதும் அசலாக இருக்குமோ என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான் என்று எனக்குப் படுகிறது. ஆயுள் முழுக்க வீட்டில் பார்த்த முகத்தை இன்னோர் ஊரில் போய்ப் பார்த்தால் புதிதாக என்ன தெரியும்? நிறையத் தெரியும். அதனால் போய்வாருங்கள்.

நான் எண்ணெய் ஓவியங்களைப் பாதுகாத்துச் செப்பனிடும் வேலையில் இருபத்தாறு ஆண்டுகள் இருந்தவன். விளக்கைச் சாய்த்துப் பிடித்து, உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்து, ஒரு ஓவியத்தின் ஒரு சாண் பரப்பை நாள் முழுக்கப் பார்க்கிற தொழில் அது. கலை வரலாறு என் துறை அல்ல. ஆகவே வண்ணம், வார்னிஷ், துணி பற்றி நான் சொல்வதைக் கையால் தொட்டு அறிந்ததாக எடுத்துக்கொள்ளுங்கள். வரலாறு பற்றிச் சொல்வது நான் படித்துத் தெரிந்துகொண்டது.

முதலில் உங்கள் வீட்டுப் படம் எப்படி உருவானது என்பது தெரிந்தால்தான் அசல் எங்கே வேறுபடுகிறது என்பது பிடிபடும். நம் வீடுகளில் மாட்டியிருந்தவை பெரும்பாலும் ஓலியோகிராஃப் என்னும் அச்சுப் படங்கள். ரவிவர்மா 1894-இல் மும்பையில் ஒரு அச்சகம் தொடங்கினார். பிறகு அது லோனாவாலாவுக்கு அருகே இடம் மாறியது. அங்கே ஒரு ஓவியத்தை வண்ணம் வண்ணமாகப் பிரித்து, ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு சுண்ணாம்புக் கல் என்ற கணக்கில், கொழுப்பு மசியால் கல்லின்மேல் கையாலேயே வரைவார்கள். மஞ்சளுக்கு ஒரு கல், சிவப்புக்கு ஒன்று, உடல் நிறத்துக்கு ஒன்று என்று ஒரே காகிதம் பல கற்களின்மேல் மாறி மாறி அழுந்தி வெளிவரும். கடைசியில் எண்ணெய் ஓவியம்போல் பளபளக்க வார்னிஷ் பூசுவார்கள். இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், கல்லில் வரைந்தவர் ரவிவர்மா அல்ல. அச்சகத்தின் கைவினைஞர்கள் அவருடைய ஓவியத்தைப் பார்த்து வரைந்தார்கள். நம் பாட்டிகள் கும்பிட்டது, ரவிவர்மாவைப் பார்த்து வேறொருவர் வரைந்த லட்சுமியை. அதனால் அந்தப் படத்தின் மதிப்பு எள்ளளவும் குறைந்துவிடாது. அது வேறு வகைப் பொருள், அவ்வளவுதான்.

கல்லச்சில் வண்ணம் எங்கும் ஒரே கனத்தில் படியும். கன்னமும் கல்தூணும் புடவைக் கரையும் ஒரே தோலால் மூடியதுபோல் இருக்கும். எண்ணெய் ஓவியம் அப்படி அல்ல. அந்தக் காலத்து ஐரோப்பியப் பயிற்சியின்படி நிழலை மெல்லிய, ஒளி ஊடுருவும் பூச்சாகவும் வெளிச்சத்தைக் கெட்டியான பூச்சாகவும் போடுவார்கள். நிழல் பகுதியில் விழும் வெளிச்சம் வண்ணத்தின் உள்ளே போய் அடித்தளத்தில் பட்டுத் திரும்பி வரும். அதனால்தான் நல்ல எண்ணெய் ஓவியத்தின் இருட்டு கறுப்பாக இருப்பதில்லை. அந்தியில் கிணற்றை எட்டிப் பார்த்தால் தெரிகிற ஆழம் அதற்கு இருக்கும். அச்சிலும் கைப்பேசித் திரையிலும் முதலில் தொலைவது இந்த ஆழம்தான். நீங்கள் இணையத்தில் பார்த்த எந்தப் படத்திலும் அது வந்திருக்காது.

இன்னொன்று தங்கம். நம் ஊர்க் கண்ணுக்கு இது நன்றாகவே விளங்கும். தஞ்சாவூர்ப் படத்தில் நகைக்கு மக்கு வைத்துப் புடைப்பாக்கி, அதன்மேல் தங்கத்தகட்டையே ஒட்டுவார்கள். தங்கத்தைத் தங்கத்தாலேயே காட்டுகிற மரபு அது. ரவிவர்மாவின் கான்வாஸில் ஒட்டியாணத்தின் அருகே போய்ப் பாருங்கள். தங்கம் எங்குமே இருக்காது. காவி, பழுப்பு, கொஞ்சம் கரும்பழுப்பு, அவற்றின்மேல் வெளிர் மஞ்சளில் நெல்மணி அளவுக்குச் சில தொடுதல்கள். கிட்டத்தில் வெறும் சேறுபோல் தெரிவது நான்கு அடி பின்னால் வந்ததும் சவரன் தங்கமாக மின்னும். எந்த இடத்தில் சேறு தங்கமாக மாறுகிறது என்று உங்கள் கால்களை வைத்தே கண்டுபிடிக்கலாம். ஓர் அடி முன்னே, ஓர் அடி பின்னே. அம்மாவையும் இப்படிச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். ஓவியம் தெரியாதவர்களுக்கு நான் முதலில் காட்டுவது எப்போதும் இதைத்தான். ஒருவர்கூட முகம் மலராமல் நகர்ந்ததில்லை.

திருவனந்தபுரத்தில் நேப்பியர் அருங்காட்சியக வளாகத்தில் 1935-இல் திறக்கப்பட்ட ஸ்ரீ சித்ரா கலைக்கூடம் இருக்கிறது. ரவிவர்மாவின் ஓவியங்களுக்கென்றே அதே வளாகத்தில் 2023-இல் தனிக் கூடம் ஒன்றையும் திறந்தார்கள். அங்குள்ள தொகுப்பில் நீங்கள் தேடிப் போக வேண்டியவை இரண்டு என்பேன்: சகுந்தலை, அன்னத்தோடு நிற்கும் தமயந்தி. எல்லாவற்றையும் பார்த்துத் தீர்க்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். ஒரு மணி நேரத்தில் நாற்பது ஓவியங்களைக் கடந்தால் ஒன்றும் மனத்தில் தங்காது. முதலில் கூடம் முழுக்க ஒரு சுற்று நடந்துவிடுங்கள், எதன் எதிரிலும் நிற்காமல். எது உங்களைத் திரும்பிப் பார்க்க வைத்ததோ அதனிடம் திரும்பிப் போய்க் கால்மணி நேரம் நில்லுங்கள். பக்கத்தில் ஒட்டியிருக்கும் குறிப்பைக் கடைசியில் படியுங்கள். முதலிலேயே படித்துவிட்டால் கண் அந்தக் குறிப்பில் சொன்னதை மட்டும் சரிபார்த்துவிட்டு ஓய்ந்துவிடும்.

சகுந்தலை படம் உங்களுக்குத் தெரிந்ததே. தோழியின் தோளைப் பிடித்துக்கொண்டு, பாதத்தில் தைத்த முள்ளை எடுப்பவள்போல் திரும்பிப் பார்க்கிறாள். காளிதாசனில் அது தர்ப்பையின் முனை. காலில் குத்தியது என்ற சாக்கில் துஷ்யந்தனை இன்னொரு தரம் பார்த்துவிடுகிறாள். ஓவியத்தில் துஷ்யந்தன் இல்லை. அவன் சட்டத்துக்கு வெளியே எங்கேயோ நிற்கிறான். அச்சில் இதைப் பார்க்கும்போது அழகான பெண் ஒருத்தி திரும்பிப் பார்க்கிறாள் என்பதோடு நின்றுவிடுவோம். அசலின் முன் நிற்கும்போது உருவங்களின் அளவு பெரிது. அவளுடைய பார்வை எந்தப் பக்கமாக ஓடி ஓவியத்தை விட்டு வெளியேறுகிறது என்பதை உங்கள் கழுத்தே உணரும். அந்தப் பக்கம் நீங்களும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பீர்கள். பிறகு உள்ளங்கையைக் குழல்போல் மடித்து, ஒரு கண்ணை மூடி, அந்தக் குழல் வழியாகப் பாதத்தை மட்டும் பாருங்கள். அடுத்து தோளைப் பிடித்த கையை மட்டும். முகத்தை மறைத்துவிட்டாலும் அந்த உடல் பொய் சொல்கிறது என்பது தெரியும். நிஜமாகவே முள் தைத்தவள் காலைக் குனிந்து பார்ப்பாள்.

தமயந்தியிடம் வேறொன்றைப் பாருங்கள். சிவப்புப் புடவையும், கைப்பிடிச் சுவரில் அமர்ந்த வெள்ளை அன்னமும். சிவப்பு என்று நாம் ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். கொசுவத்தின் மடிப்பு உள்ளே போகும் இடத்தில் அது பழுத்த நாவல் நிறத்துக்கு இறங்கும், முழங்காலில் துணி இழுபடும் இடத்தில் செம்பருத்தியாக ஏறும். அந்த இறக்கத்துக்கும் ஏற்றத்துக்கும் நடுவே உள்ள படிகளை எண்ணிப் பாருங்கள். பட்டுப்புடவையை ஆயுள் முழுக்க மடித்துவைத்த உங்கள் அம்மா இதில் என்னைவிட நன்றாகக் கண்டுபிடிப்பார். துணி என்ன துணி, எத்தனை கனம், உடுத்தி எத்தனை நேரம் ஆயிற்று என்பதுவரை சொல்லிவிடக் கூடியவர்கள் நம் வீட்டுப் பெண்கள். அவரே உங்களுக்கு வழிகாட்டட்டும்.

அங்கே போனதும் சில ஏமாற்றங்களும் இருக்கும். முன்கூட்டியே தெரிந்தால் மனம் சுருங்காது. முதலாவது மஞ்சள். அக்கால வார்னிஷ் வயதாக ஆக மஞ்சளித்துப் பழுப்பேறும். நீல வானம் பாசி நிறத்துக்குச் சாயும், வெள்ளை முண்டு தேன்பட்டதுபோல் ஆகும். ஓவியர் அப்படி வரையவில்லை, காலம் செய்தது. இரண்டாவது வெடிப்பு. காய்ந்த குளத்து மண்போல் மெல்லிய வலை தெரியும். கடலோர ஊரில் ஈரம் ஏறி இறங்கும்போது துணியும் விரிந்து சுருங்கும். அதன்மேல் இறுகிப்போன வண்ணம் கூடவே விரிய முடியாமல் கீறும். பழைய எண்ணெய் ஓவியத்துக்கு அது நரைபோல, நோய் அல்ல. வண்ணம் செதிலாகத் தூக்கி நின்றால்தான் எங்களுக்குத் தூக்கம் போகும். மூன்றாவது கண்ணாடி. ஓவியத்தின் முன்னால் கண்ணாடி இருந்தால் எதிர்ச் சுவரின் விளக்கும் உங்கள் முகமும் அதில் விழும். நேர் எதிரே நிற்காமல் இரண்டு அடி பக்கவாட்டில் நகர்ந்து பாருங்கள், அடர்நிற உடை உடுத்திப் போங்கள். சின்ன யோசனைதான், மிகவும் பயன்படும்.

கேரளத்து ஓவியர் என்று நாம் சொன்னாலும் அவருடைய கதையில் தமிழ்நாட்டுக்கு உண்மையான பங்கு இருக்கிறது. 1848-இல் கிளிமானூரில் பிறந்தவர், தாய்மாமன் ராஜராஜ வர்மாவிடம் வரையக் கற்றார். திருவிதாங்கூர் அரண்மனையில் அப்போது எண்ணெய் வண்ணம் கைவரப்பெற்றவர் மதுரையைச் சேர்ந்த ராமசாமி நாயக்கர். அவர் இந்த இளைஞருக்குக் கற்றுத்தர மறுத்துவிட்டார் என்றும், அவருடைய மாணவர் ஆறுமுகம் பிள்ளை யாருக்கும் தெரியாமல் வந்து நுணுக்கம் சொல்லிக்கொடுத்தார் என்றும் வரலாற்று நூல்கள் சொல்கின்றன. 1868-இல் அரண்மனைக்கு வந்த தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியரும் கற்றுத்தரவில்லை. தான் வரைவதைப் பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் விட்டார். பார்த்தே கற்றவர் ரவிவர்மா. 1873-இல் சென்னைக் கண்காட்சியில், கூந்தலில் மல்லிகை சூடும் நாயர் பெண்ணின் ஓவியத்துக்கு ஆளுநரின் தங்கப் பதக்கம் கிடைத்தது. ஊருக்கு வெளியே அவர் பெயர் பரவியது அதன் பிறகுதான். ஓவியங்களை அச்சிட்டுப் பரப்பலாம் என்று அவருக்கு யோசனை சொன்னவர் கும்பகோணத்தில் பிறந்து, திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்த மாதவ ராவ். பாட்டி கையில் லட்சுமி வந்து சேர்ந்த வழி அதுதான்.

இனி, உறுதியாகச் சொல்லக் கூடியதையும் கூடாததையும் பிரித்துவிடுகிறேன். அவர் 1906-இல் இறந்தார், அதற்கு முன்பே அச்சகம் ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியரின் கைக்குப் போய்விட்டது. அதன் பிறகும் அவர் பெயரில் படங்கள் அச்சாகிக்கொண்டே இருந்தன. இவை உறுதி. ஆகவே ‘ரவிவர்மா படம்’ என்று விற்ற எல்லாமே அவர் கற்பனையில் பிறந்தவை அல்ல. மாமனின் பெயரையே கொண்ட தம்பி ராஜராஜ வர்மா கூடவே பயணம் செய்து, கூடவே வரைந்தார். நாட்குறிப்பும் எழுதினார். நிலக்காட்சியில் அவருக்குத் தனித் திறமை இருந்தது. எனவே பின்னணி மரங்களிலும் வானத்திலும் தம்பியின் கை இருக்கலாம் என்பது நியாயமான ஊகம். ஆனால் இந்தக் கிளை அண்ணன், அந்த மேகம் தம்பி என்று யாராவது விரல் நீட்டிச் சொன்னால் நம்பாதீர்கள். ஒரே பட்டறையில், ஒரே தூரிகைகளால், ஒருவர் போட்டதன்மேல் மற்றவர் போட்டதை உருப்பெருக்கியால் பிரிப்பது நடக்காத காரியம். தெய்வங்களுக்கு மனித முகம் கொடுத்த முதல் ஓவியர் என்பதும் மிகையே. தஞ்சாவூரிலும் கேரளச் சுவரோவியங்களிலும் தெய்வங்கள் அவருக்கு முன்பே முகத்தோடுதான் இருந்தார்கள். அவர் கொண்டுவந்தது தசையும் எடையும், ஒரு பக்கத்திலிருந்து விழும் வெளிச்சமும். ஓவியத்துக்கு நின்ற பெண்கள் பற்றிய காதல் கதைகளில் ஆதாரமுள்ளது கொஞ்சம், ஜோடித்தது நிறைய. கூடத்தில் வழிகாட்டி யாராவது சுவைபடச் சொன்னால் கதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் ஒரு தவறைத் திருத்த வேண்டும். கையில் விளக்கேந்தி, விரலிடுக்கில் வெளிச்சம் கசிய நிற்கும் பெண்ணின் படம் ரவிவர்மாவுடையது என்று பலர் நினைக்கிறார்கள், பகிர்கிறார்கள். அதை வரைந்தவர் எஸ். எல். ஹல்தாங்கர். நீர்வண்ண ஓவியம். மைசூரு ஜகன்மோகன் அரண்மனையில் இருக்கிறது. திருவனந்தபுரத்தில் அதைத் தேடி அம்மா ஏமாறக் கூடாது. மைசூரு போக வாய்த்தால் அதே அரண்மனையில் ரவிவர்மாவின் இசைக்கலைஞர்கள் ஓவியமும் இருக்கிறது. பல சமூகங்களைச் சேர்ந்த பதினொரு பெண்கள் ஒன்றாக இருக்கும் படம். புடவைக் கட்டுகளுக்காகவே பார்க்கலாம். பரோடாவின் லட்சுமி விலாஸ் அரண்மனைக்காக அவர் வரைந்த பதினான்கு புராண ஓவியங்களையும் என்றாவது பார்க்க வேண்டும். நம் எழும்பூர் அருங்காட்சியகத் தொகுப்பிலும் அவர் ஓவியங்கள் உண்டு.

எல்லாமே மகத்தானவை என்று நான் சொல்ல மாட்டேன். கொழும்பில் பிறந்த கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமி நூறு ஆண்டுகளுக்கு முன்பே இவருடைய புராண ஓவியங்களை நாடக மேடைத்தனம் என்று கடுமையாக விமர்சித்தார். சில ஓவியங்களின் முன் நிற்கும்போது அது சரி என்றே எனக்கும் தோன்றியிருக்கிறது. தலைக்கு மேல் தூக்கிய கை, திரைச்சீலைபோல் விழும் மேகம். ஆனால் உருவப்படங்களில் அந்த மேடை மறைந்துவிடுகிறது. அங்கே நகையும் பட்டும் அணிந்து உட்கார்ந்திருப்பவரின் அலுப்புகூடத் தெரியும். புராணப் படங்களிலேயே நின்றுவிடாமல் உருவப்படங்களுக்கும் நேரம் வையுங்கள். திருவனந்தபுரத் தொகுப்பில் ரவிவர்மாவின் தங்கை மங்களாபாய் தம்புராட்டி வரைந்த அவருடைய உருவப்படமும் இருக்கிறது. அண்ணனைத் தங்கை எப்படிப் பார்த்தாள் என்பதை அதில் பார்க்கலாம். நான் அதன் முன் நின்ற அளவுக்கு வேறு எதன் முன்னும் நின்றதில்லை.

அம்மாவின் வசதிக்கும் சில வார்த்தைகள். காலையில் திறந்தவுடன் போய்விடுங்கள், கூட்டமும் வெயிலும் குறைவு. வாரத்தில் திங்கட்கிழமை விடுமுறை. நேரம் மாறக் கூடும் என்பதால் கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். தூரப்பார்வைக் கண்ணாடி, படிக்கும் கண்ணாடி இரண்டையும் எடுத்துவரச் சொல்லுங்கள். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை உட்காரட்டும். புகைப்படம் எடுக்க அனுமதி இருந்தாலும் முதல் அரைமணி நேரம் கைப்பேசியைப் பையிலேயே வைத்திருங்கள்.

கடைசியாக, வீட்டுப் படம். புகைப்படத்தை வைத்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. ஆனால் நீங்களே பார்க்கக் கூடியவை உண்டு. நகை செய்பவரின் உருப்பெருக்கி ஒன்றை வாங்கி லட்சுமியின் கன்னத்தைப் பாருங்கள். பொடிப்பொடியாக வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் அது அச்சுப் படம். அடி ஓரத்தில், சட்டத்துக்கு உள்ளே மறைந்தபடி அச்சகத்தின் பெயர் ஆங்கிலத்தில் இருக்கக் கூடும். மூலையில் கையெழுத்து இருப்பதால் மட்டும் அசல் ஆகிவிடாது, கையெழுத்தும் சேர்ந்தே அச்சாகும். நீங்கள் சொன்ன அடையாளங்களை வைத்துப் பார்த்தால் அச்சுப் படமாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. ஆனால் சமிக்கி தைத்த படம் உலகத்தில் அது ஒன்றுதான். அதில் இருப்பது உங்கள் பாட்டியின் கை.

ஈரத்துணியால் துடைக்காதீர்கள், வார்னிஷ் வெளுக்கும். லேமினேட் செய்யச் சொல்லி யாராவது வந்தால் வேண்டாம் என்று அனுப்பிவிடுங்கள். பின்னால் பழைய மரப்பலகை இருந்தால் அதன் அமிலம்தான் காகிதத்தைப் பழுப்பாக்கிக்கொண்டிருக்கும். அமிலமற்ற அட்டை மாற்றித் தருபவர்களிடம் கொடுத்து மாற்றுங்கள், சமிக்கியைப் பிரிக்க வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள். குத்துவிளக்குப் புகை நேராகப் படாத சுவருக்கு, ஜன்னல் வெயில் எட்டாத பக்கத்துக்கு மாற்றி மாட்டுங்கள். இதையெல்லாம் திருவனந்தபுரம் போய்வந்த பிறகு செய்யலாம். ஆனால் மழைக்காலத்தில் அந்தச் சுவர் ஈரம் கோர்க்கும் என்றால் மட்டும், இன்றைக்கே கழற்றி வேறிடத்தில் வையுங்கள்.